எலும்பு ஸ்கான் ஊசி: கொழும்பில் ஏன் கையிருப்பில் வைக்க ஏலாது?

#1 பம்பலப்பிட்டி மகள் | செவ்வாய், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. புரொஸ்டேட் புற்றுநோய் எண்டு மூன்று மாதத்துக்கு முன்னம் கண்டுபிடிச்சவை. முள்ளந்தண்டில நோ கூடிக்கொண்டு போறதால எலும்பு ஸ்கான் எடுக்கச் சொல்லி டொக்டர் எழுதித் தந்தவர். இண்டைக்கு விடிய ஐந்தரைக்கு எழும்பி, அப்பாவைப் பட்டினியாக வைச்சுக்கொண்டு (இந்த ஸ்கானுக்குப் பட்டினி கிடக்கத் தேவையே இல்லை எண்டு அங்க போன பிறகுதான் தெரியும்) ஓட்டோவில கூட்டிக்கொண்டு போனன். ஏழேகாலுக்கு நம்பர் எடுத்தாச்சு. ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை வந்து சொன்னா: "மருந்து வரேல்ல, பிளைட் பிந்திட்டுது. அடுத்த வியாழன் வாங்கோ."

அப்பா ஒண்டும் கதைக்கேல்ல. திரும்பி வரேக்க காலி வீதியில ஓட்டோ குலுங்கிற நேரமெல்லாம் அவரின்ர கை என்ர தோளை இறுக்கிப் பிடிச்சது.

எனக்கு விளங்காதது இதுதான். அவ்வளவு பெரிய இடத்தில ஒரு ஊசி மருந்தை முன்கூட்டியே எடுத்து வைக்க ஏலாதா? பிளைட் பிந்தினா ஒரு நாள் முழுக்க வந்த ஆக்களெல்லாம் திரும்பிப் போகவேணுமா? எங்கட நாட்டிலேயே செய்தால் என்ன? கோபத்தில எழுதுறன் எண்டு எனக்கே தெரியுது. ஆனா உண்மையான பதில் வேணும்.

#2 விடியல் ஷிப்ட் | செவ்வாய், இரவு 10.47

தங்கச்சி, வாசிக்கக் கவலையா இருக்கு. நான் இந்த வேலையில, கொழும்பிலதான், 16 வருசம் இருந்தனான். கொஞ்சம் நீளமாச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

"மருந்து வரேல்ல" எண்டு அந்தப் பிள்ளை சொன்னது பொய் இல்லை. ஆனா பிளைட்டில வராமல் போனது அப்பாவுக்குப் போடுற மருந்து இல்லை. அந்த மருந்து ஒரு நாளும் பிளைட்டில வாறேல்ல. வாறது அதின்ர தாய்.

ஊசியில இருக்கிறது தெக்னீசியம் 99எம் எண்ட, கதிர் விடுற ஒரு பொருள். அதின்ர அரைவாழ்வு 6 மணித்தியாலம். விடிய 6 மணிக்கு இருந்ததில மத்தியானம் பாதி, பின்னேரம் 6க்குக் கால்வாசி, அடுத்த நாள் விடிய பதினாறில ஒரு பங்கு. பிரிட்ஜில வைச்சாலும் சரி, வெயிலில வைச்சாலும் சரி, அந்தக் கணக்கு மாறாது. அதாலதான் எந்தப் ஃபார்மசியிலயும் கையிருப்பு எண்ட கதையே இல்லை.

தாய் மொலிப்தனம் 99. அது சிதைஞ்சுதான் தெக்னீசியம் பிறக்குது. தாயின்ர அரைவாழ்வு 66 மணித்தியாலம். வெளிநாட்டு ஆராய்ச்சி அணு உலைகளில யுரேனியத் தகடுகளைச் சில நாள் வைச்சு எடுப்பினம். யுரேனிய அணு நூறு பிளந்தா ஏறக்குறைய ஆறு தரம் இந்த மொலிப்தனம் கிடைக்கும். தகட்டைக் கரைச்சு, மொலிப்தனத்தைப் பிரிச்சுச் சுத்தம் செய்து, அலுமினாத் தூள் நிரப்பின ஒரு சின்னக் குழாயில ஏத்தி, சுத்திவர ஈயம் போட்டு அனுப்புவினம். பார்க்க ஒரு பெயின்ற் வாளி அளவுதான், தூக்கினா நாரி பிடிக்கும். அதைத்தான் ஜெனரேட்டர் எண்டு சொல்லுறது. கரண்ட் ஜெனரேட்டர் இல்லை.

விடிய நாங்கள் செய்யிறது என்னெண்டா, அதின்ர ஒரு பக்கத்தில உப்புத்தண்ணிக் குப்பி, மற்றப் பக்கத்தில காற்று உறிஞ்சி எடுத்த வெறும் குப்பி. உப்புத்தண்ணி அலுமினாவுக்கு ஊடாக இழுபட்டுப் போகும். மொலிப்தனம் அலுமினாவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், தெக்னீசியம் தண்ணியோட வந்திடும். துறையில இதைப் பால் கறக்கிறது எண்டுதான் சொல்லுறது. எனக்கு எப்பவும் ஞாபகம் வாறது எங்கட ஊர்க் கிணறு. ஒருக்கா இறைச்சு முடிச்சா ஆறு மணித்தியாலத்தில பாதியளவு ஊறும், அடுத்த நாள் விடிய நிறைஞ்சு நிக்கும். ஆனா ஊற்று நாளுக்கு நாள் வத்தும். திங்கள் 100 எண்டா வெள்ளி 36. அடுத்த திங்கள் 17.

கறந்த உடன ஊசி போட ஏலாது. மொலிப்தனம் துளியேனும் தப்பி வந்திருக்கா எண்டு பார்க்கவேணும். குப்பியை ஈயச் செப்புக்குள்ள வைச்சு அளக்கிறது. தெக்னீசியத்தின்ர 140 கிலோ இலத்திரன்வோல்ற்று (கதிரின்ர சக்தியை அளக்கிற அலகு) கதிரை ஈயம் மறிச்சிடும், மொலிப்தனத்தின்ர 740 ஊடுருவி வரும். வாசிப்பு ஏறினா அந்தக் கறவை முழுக்க ஒதுக்கி வைக்கவேணும். அதுக்குப் பிறகுதான் எலும்பு மருந்து. எம்டிபி எண்ட ஒரு வெள்ளைத் தூள், உலர்த்தின நிலையில குப்பியில வரும். அதுக்குக் கதிர் இல்லை, மாதக்கணக்கா வைக்கலாம். அதுக்குள்ள தெக்னீசியத்தை விட்டு, ஆட்டி, பதினைந்து நிமிசம் வைச்சு, இன்னொரு சோதனை செய்து, டோஸ் டோஸாப் பிரிக்கிறது.

அப்ப "எங்கட நாட்டிலேயே செய்தால் என்ன" எண்ட கேள்விக்கு என்ர பதில், கடைசிப் படி ஒவ்வொரு நாளும் இங்கதான் நடக்குது. உங்கட அப்பா நம்பர் எடுத்துக்கொண்டு இருந்த நேரத்தில, உள்ளுக்குள்ள ஆரோ ஒருத்தர் பழைய ஜெனரேட்டரில மிச்சம் எவ்வளவு இருக்கு, எத்தனை பேருக்குக் காணும் எண்டு கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பினம். காணாமல் போயிருக்கும்.

#3 மருதானை வாசி | புதன், காலை 6.58

அல்லாஹ் உங்கட அப்பாவுக்கு சுகத்தைத் தரட்டும். ஒரு கேள்வி. எங்கட வாப்பாவுக்கும் போன வருசம் இந்த ஸ்கான் எடுத்தம். வீட்டுக்கு வந்த பிறகு உம்மா பேரப்பிள்ளைகளை ரெண்டு நாள் அவரின்ட அறைக்குள்ள விடவே இல்ல. கதிர் எண்டதும் எல்லாருக்கும் பயம். அது சரியா பிழையா எண்டு இண்டைக்கும் தெரியாது. வாப்பா அந்த ரெண்டு நாளும் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தது எனக்கு மறக்கல.

#4 விடியல் ஷிப்ட் | புதன், காலை 7.40

ரெண்டு நாள் தேவையில்லை சகோதரர். அந்த நாள் மட்டும் கைக்குழந்தையையோ கர்ப்பிணியையோ கனநேரம் மடியில, நெஞ்சில அணைச்சு வைச்சிருக்காமல் விட்டாப் போதும். போட்ட மருந்தில பாதிக்கு மேல சில மணித்தியாலத்தில சிறுநீரோட போயிடும், மிச்சம் தானாக அணையும். அதாலதான் தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுறது, அடிக்கடி சலம் கழிக்கச் சொல்லுறது. ஒரு பெரிய ஆளுக்கு இந்த ஸ்கானால கிடைக்கிற அளவு ஏறக்குறைய 3, 4 மில்லிசீவேட் (உடம்புக்குக் கிடைக்கிற கதிரை அளக்கிற அலகு). மண்ணிலயும் வானத்திலயும் இருந்து மனிசருக்கு வருசத்தில சராசரியாக் கிடைக்கிறது 2.4.

வாப்பாவுக்கு வாசலில வைச்சு இதை ஆரேனும் வடிவாச் சொல்லியிருக்கவேணும். நாங்கள் விடுற பிழை அது.

#5 ரசாயன ஆசிரியை | புதன், மாலை 4.15

முப்பத்தொரு ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பித்துவிட்டு இப்போது தெகிவளையில் ஓய்வில் இருக்கிறேன். விடியல் ஷிப்ட் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. இந்த மருந்துக்கு எலும்பின் முகவரி எப்படித் தெரியும்?

எலும்பின் வன்மைக்குக் காரணம் ஐதரொட்சியப்பற்றைற்று என்னும் கல்சியம் பொசுபேற்றுப் பளிங்கு. எலும்பைச் செத்த கல்லாக நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1935இல் கோப்பன்ஹேகனில் ஹெவெசியும் சீவிற்சும் கதிருள்ள பொசுபரசு 32ஐ எலிகளுக்கு ஊட்டினார்கள். அது எலும்பில் போய்ச் சேர்ந்தது, பிறகு மெல்ல மெல்ல வெளியேறவும் செய்தது. வளர்ந்து முடிந்த எலும்புகூட ஓயாமல் அணுக்களை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது என்று அன்றுதான் கண்ணால் கண்டார்கள். அந்தப் பொசுபரசை அவர்கள் கந்தகத்தின் மேல் நியூத்திரன்களை மோதவிட்டே பெற்றார்கள். சுவடு தொடரும் இந்த முறைக்காக ஹெவெசிக்கு 1943ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. எங்கே எலும்பு வேகமாகக் கட்டப்படுகிறதோ, அங்கே பொசுபேற்று வேகமாகப் போகும். இந்த ஸ்கானின் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது. புற்றுநோய் எலும்பைத் தொட்டால், சுற்றியுள்ள எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ள முனையும். அந்த முனைப்பைத்தான் படம் காட்டுகிறது.

பொசுபரசு 32 படம் எடுக்க உதவாது, அதன் பீற்றாக் கதிர் உடலுக்குள்ளேயே நின்றுவிடும். எனவே கல்சியத்தின் உறவுகளைத் தேடினார்கள். துரந்தியம் 85 வந்தது. அதன் அரைவாழ்வு 65 நாள், ஆகவே மிகச் சிறிய அளவுதான் கொடுக்க முடியும், படம் மங்கல். 1962இல் புளோரின் 18ஐ முன்வைத்தார்கள். அது பளிங்கில் உள்ள ஐதரொட்சைட்டின் இடத்தில் போய் உட்காரும். எங்கள் வரண்ட வலயத்தில் கிணற்று நீரின் புளோரைட்டு பிள்ளைகளின் பற்களைக் கறையாக்குகிறதே, அதே இரசாயனம்தான். ஒரு கிராமத்துக்குத் துன்பம் தந்த பிணைப்பு இன்னோரிடத்தில் நோயைக் காட்டும் விளக்காகிறது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பிறகுதான் தெக்னீசியம். அதற்குத் தன்னளவில் எலும்பில் எந்த நாட்டமும் இல்லை. தைரோயிட்டுக்கும் வயிற்றுக்கும்தான் போகும். அதை எலும்புக்குக் கூட்டிப் போக ஒரு துணை வேண்டும். 1971இல் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூசில் சுப்ரமணியன், மெக்காஃபி என்ற இருவர் பொலிபொசுபேற்றுடன் அதைக் கட்டிக் காட்டினார்கள். 1975இல் அதே குழு எம்டிபியைக் கொண்டுவந்தது. பொலிபொசுபேற்றில் இரு பொசுபரசுகளுக்கு நடுவே ஒட்சிசன் இருக்கும், உடலின் நொதியங்கள் அதை வெட்டிவிடும். எம்டிபியில் அந்த இடத்தில் காபன். வெட்ட முடியாது. அரை நூற்றாண்டு கழிந்தும் அப்பாவுக்குப் போடப்போவது அதே மூலக்கூறுதான். அந்தக் கட்டுரையில் சுப்ரமணியன் என்ற பெயரைப் பார்த்த நாளில், மாணவருக்குச் சொல்ல எனக்கு ஒரு பெயர் கிடைத்தது.

எம்டிபிக் குப்பியில் கூடவே வெள்ளீய உப்பு ஏன் என்று யாராவது கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜெனரேட்டரில் இருந்து வரும் தெக்னீசியத்தின் ஒட்சியேற்ற எண் 7. அந்நிலையில் அது யாருடனும் பிணையாது. வெள்ளீயம் இலத்திரன்களைக் கொடுத்து அதைக் கீழே இறக்கும். அப்போதுதான் எம்டிபி அதைப் பற்றிக்கொள்ளும்.

#6 விடியல் ஷிப்ட் | புதன், இரவு 8.30

ரீச்சர், அந்த வெள்ளீயத்தால எனக்கு ஒரு கதை இருக்கு. இதுவரைக்கும் எங்கயும் எழுதேல்ல.

வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாதம். குப்பிக்குள்ள தெக்னீசியம் விடேக்க ஊசியில இருந்த காற்றையும் சேர்த்து உள்ளுக்க தள்ளிட்டன். வெள்ளீயத்துக்கு ஒட்சிசன் ஆகாது, தன்ர வேலையைச் செய்யமுதலே கெட்டுப்போகும். அந்தக் காலத்தில நாங்கள் ஒவ்வொரு குப்பிக்கும் கடதாசிச் சோதனை செய்யிறேல்ல, நேரம் இல்லை எண்டு விட்டிடுவம். அண்டைக்கு அந்தக் குப்பியில இருந்து நாலு பேருக்கு ஊசி போட்டாச்சு. மூன்று மணித்தியாலம் கழிச்சு முதல் ஆளின்ர படம் வருது. கழுத்தில தைரோயிட் வெளிச்சம், வயிறு வெளிச்சம், எலும்பு புகார் மாதிரி. நாலு பேருக்கும் அப்பிடித்தான். ஒரு அம்மா பதுளையில இருந்து இரவு றெயினில வந்தவ. அவவுக்குத் திரும்ப வாங்கோ எண்டு சொன்னது நான்.

அண்டையில இருந்து ஒரு குப்பியையும் சோதிக்காமல் விட்டதில்லை. ஒரு சின்னக் கடதாசித் துண்டின்ர நுனியில ஒரு துளி வைச்சு அசற்றோனில நிறுத்திறது. கட்டுப்படாத தெக்னீசியம் மேல ஏறும், கட்டுப்பட்டது அடியில நிக்கும். கட்டுப்பட்டது 95 வீதத்துக்குக் குறைஞ்சா அந்தக் குப்பி ஈயப்பெட்டிக்குள்ள போகும். நாலு, ஐந்து நிமிச வேலை. புதுசா வாற பிள்ளைகளுக்கு முதல் நாளே இந்தக் கதையைத்தான் சொல்லிக் குடுக்கிறனான்.

#7 அணு மாணவன் | வியாழன், பகல் 12.20

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எல்லாரும் ஜெனரேட்டரை ஏற்றுக்கொண்டு கதைக்கிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு நாடு தன்னுடைய புற்றுநோயாளிகளின் ஸ்கானை வேறு நாட்டு உலையிலும் விமான அட்டவணையிலும் தொங்கவிடலாமா?

2009 மே மாதத்தில் கனடாவின் சோக் ரிவரில் இருந்த என்ஆர்யு உலையில் கனநீர் கசிந்தது. 1957இல் தொடங்கின உலை, உலகத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு மொலிப்தனம் அங்கிருந்துதான் வந்தது. 2010 ஓகஸ்ட் வரை அது மூடிக் கிடந்தது. அந்த இடைவெளிக்குள் 2010 பெப்ரவரியில் நெதர்லாந்தின் பெற்றன் உலையும் திருத்த வேலைக்காக நின்றது. அந்த ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியும் நாட்கணக்கில் மூடப்பட்டது. உலகம் முழுக்க ஸ்கான்கள் தள்ளிப்போயின. என்ஆர்யு 2018இல் நிரந்தரமாக நின்றுவிட்டது. மிச்சம் உள்ளவற்றைப் பாருங்கள். பெற்றன் 1961, பெல்ஜியத்தின் பிஆர்2 அதே வயது, தென்னாபிரிக்காவின் சஃபாரி 1965. ஒஸ்திரேலியாவின் ஓபல்தான் இளசு.

நாங்கள் ஒரு சைக்கிளோத்திரன், அதாவது அணுத்துகள்களை வேகப்படுத்தி மோதவிடும் இயந்திரம், வாங்க வேண்டும் என்பது என் கருத்து. அணு உலை வேண்டாம், யுரேனியம் வேண்டாம். ஒட்சிசன் 18 செறிந்த நீரில் புரோத்தனை மோதவிட்டால் புளோரின் 18. அதைச் சோடியம் புளோரைட்டாகக் கொடுத்து பெட் ஸ்கானரில் எடுத்தால் சாதாரண எலும்பு ஸ்கானைவிடத் தெளிவான படம். ஊசி போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் எடுக்கலாம். 2016இல் பொதுமக்கள் காசு சேர்த்து மஹரகம மருத்துவமனைக்கு பெட் ஸ்கானர் வாங்க ஓடினார்களே, அந்த ஊக்கம் எங்களிடம் உண்டு. புளோரின் 18இன் அரைவாழ்வு 110 நிமிடம். சென்னையில் செய்து, அங்குள்ள வாகனம், சுங்கம், விமானம், கட்டுநாயக்கவில் இருந்து கொழும்பு நெரிசல் என்று ஐந்து மணித்தியாலம் போனால் 15 வீதம்தான் மிஞ்சும். இங்கேயே செய்தால் 85 வீதத்தைக் காற்றில் விட வேண்டியதில்லை.

#8 கிராண்ட்பாஸ் கணக்கு | வியாழன், இரவு 9.05

தம்பி, ஆசை நல்லது. நான் இறக்குமதிக் கணக்கு எழுதுற ஆள், மருத்துவம் தெரியாது. ஒண்டு கேட்கிறன். 2022இல டொலர் இல்லாமல் சாதாரண மருந்துகூடத் தட்டுப்பட்ட நாட்கள் ஞாபகம் இருக்கா? இயந்திரத்தை ஆரேனும் அன்பளிப்பாத் தரலாம். பராமரிப்பு ஒப்பந்தம், செறிந்த நீர், உதிரிப்பாகம் எல்லாம் ஒவ்வொரு வருசமும் டொலர்தான். ஓடாத சைக்கிளோத்திரன் இருந்தா, பிந்தின பிளைட்டைவிட மோசம். பிளைட் அடுத்த நாளாவது வரும்.

விடியல் ஷிப்ட் அக்கா எழுதினதில எனக்குப் பிடிபட்டது வேற. ஜெனரேட்டர் எத்தனை பேருக்குப் பாவிச்சாலும் ஒரே விலை. பாவிக்காமல் வைச்சாலும் வத்தும். அப்ப திங்கள் செவ்வாயில ஆக்கள் வராமல் இடம் வெறுமையா இருந்தா அது நட்டம். வெள்ளியில வரிசை நிண்டாலும் நட்டம். வெளிமாவட்ட ஆக்களுக்குக் கிழமையின்ர முதல் பாதி, கொழும்பு ஆக்களுக்குப் பிற்பாதி எண்டு பிரிச்சாலே கனபேர் திரும்பிப் போகமாட்டினம் எண்டு நினைக்கிறன். கொழும்பு ஆளைப் பின்னேரம் ஒரு போனில மறிக்கலாம். மன்னாரில இருந்து வாற ஆள் அந்த நேரம் பஸ்ஸில ஏறியிருப்பார்.

#9 விடியல் ஷிப்ட் | வியாழன், இரவு 10.10

கணக்கு அண்ணா சொன்னதுக்கு ஒரு கைதட்டு. பல வருசமா நான் தொண்டை கிழியச் சொன்னது அதுதான்.

மாணவன் தம்பி, உங்களோட எனக்குச் சண்டை இல்லை. புளோரைட் படம் பார்த்திருக்கிறன், வடிவு. ஆனா ரெண்டு விசயம் யோசியுங்கோ. தெக்னீசியம் எலும்புக்கு மட்டும் இல்லை. அதே விடியற்காலைக் கறவையிலதான் சிறுநீரகம், இதயம், தைரோயிட் எல்லாம் பார்க்கிறம், குப்பியை மட்டும் மாத்திறது. சைக்கிளோத்திரனிலயும் தெக்னீசியம் செய்யலாம், மொலிப்தனம் 100ஐப் புரோத்தனால அடிச்சு. கனடாவில செய்து காட்டினவை. ஆனா அப்பிடிச் செய்தா தாய் கிடையாது, பிள்ளை மட்டும்தான். ஆறு மணித்தியாலக் கடிகாரம் அங்கேயே ஓடத் தொடங்கும். கண்டிக்கு அனுப்பலாம், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினா பாதி வழியில கரையும். ஜெனரேட்டர் எண்டா கிணத்தையே லொறியில ஏத்தி அனுப்பிற மாதிரி.

எனக்கு அவசரமாப் படுறது ரெண்டு விற்பனையாளரிட்ட, ரெண்டு வேற வேற உலையில இருந்து, மாறிமாறி எடுக்கிற ஒழுங்கு. ஒண்டு தவறினா மற்றது. இறக்குமதிக்கு அணுசக்தி ஒழுங்குபடுத்தற் பேரவையின்ர அனுமதி வேணும், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி. அது தேவையான காவல், அதை நான் குறை சொல்லமாட்டன். ஆனா பெட்டி விமான நிலையத்தில இறங்கின நேரத்தில இருந்து ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு வீதம் போகுது எண்டு பெட்டியைக் கையாளுற எல்லாருக்கும் தெரியவேணும். சனிக்கிழமை இறங்கின பெட்டியைத் திங்கள் எடுத்தா, 48 மணித்தியாலத்தில நாப்பது வீதம் ஆருக்கும் உதவாமல் போயிட்டுது. அந்த நாப்பது வீதத்துக்குள்ள மனிசர் இருக்கினம்.

#10 அணு மாணவன் | வியாழன், இரவு 11.32

அந்த லொறிக் கதை என்னை யோசிக்க வைத்தது அக்கா. ஆனாலும் விடமாட்டேன். ஜெனரேட்டரும் வேண்டும், சைக்கிளோத்திரனும் வேண்டும். இப்போது திட்டமிடத் தொடங்கினால்தான் நான் உங்கள் வயதுக்கு வரும்போது ஓடும். இரண்டு மீற்றர் தடிப்புள்ள கொங்கிறீற் அறையை விடக் கஷ்டமானது, அதை ஓட்டத் தெரிந்த பத்துப் பேரை நாட்டைவிட்டுப் போகாமல் வைத்திருப்பது. என் வகுப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே வெளிநாட்டு விண்ணப்பம் நிரப்புகிறார்கள்.

#11 ரசாயன ஆசிரியை | வெள்ளி, காலை 10.02

மகன், போகாமல் இருக்க உனக்கு ஒரு காரணம் சொல்கிறேன். இந்தத் துறை இங்கே அந்நியமானது என்று எண்ணாதே.

1904இல் பலாங்கொடைப் பக்கத்தில் கிடைத்த கனத்த கறுப்புக் கனிமம் ஒன்றை அன்று கனிமவள ஆய்வின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசாமி ஆராய்ந்தார். ஆம், கலை வரலாற்றாசிரியராக நாம் அறிந்த அதே குமாரசாமி, 1877இல் கொழும்பில் பிறந்தவர். அது தோரியனைட்டு. அந்த இலங்கைக் கனிமம் இலண்டனில் இரசாயன அறிஞர் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போனது. ஓட்டோ ஹான் என்ற இளைஞர் அதிலிருந்து பிரித்த பொருளில் 1905இல் இரேடியோதோரியம் என்ற கதிர்வீசும் பொருளைக் கண்டார். பின்னாளில் யுரேனியப் பிளவைக் கண்டறிந்தவரும் அவரே. இன்று மொலிப்தனம் தரும் அதே பிளவு. அவருடைய முதல் கதிர்த்தொழிற்பாட்டுக் கண்டுபிடிப்பு எங்கள் சப்ரகமுவ மண்ணிலிருந்து போன கல்லில் பிறந்தது.

இதில் ஒரு துயரமும் உண்டு. இரேடியோதோரியத்திலிருந்து இரேடியம் 224 பிறக்கும். இரேடியம் கல்சியத்தின் குடும்பம், உடலுக்குள் போனால் எலும்பைத் தேடிப் போகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மனியில் முள்ளந்தண்டு இறுகும் நோய்க்கும் பிள்ளைகளின் எலும்புக் காசநோய்க்கும் அதை ஊசியாகப் போட்டார்கள். அவர்களில் பலருக்கு ஆண்டுகள் கழித்து எலும்பிலேயே புற்றுநோய் வந்தது. அதற்கும் முன்னர் அமெரிக்காவில் கடிகார முகப்புக்கு இரேடியப் பூச்சுப் பூசிய பெண்கள், தூரிகையை உதட்டில் கூராக்கிக் கூராக்கித் தாடை எலும்பு கரைந்து இறந்தார்கள். எலும்பைத் தேடிப்போகும் பொருள் எது, எவ்வளவு நேரம் தங்கும், எந்தக் கதிரை விடும் என்பதை அந்த மனிதர்கள் தங்கள் உடலால் நமக்குச் சொல்லிப் போனார்கள். ஆறு மணித்தியால அரைவாழ்வும், எலும்பில் தங்காமல் வெளியே போய்விடும் காமாக் கதிரும் ஏன் அருமை என்று இப்போது விளங்கும்.

பம்பலப்பிட்டி மகளுக்கு: அதே குடும்பத்தின் இரேடியம் 223ஐ, எலும்புக்குப் பரவிய புரொஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சையாகவே 2013இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அரைவாழ்வு 11.4 நாள், கதிர் சில கலங்களின் தடிப்பைத் தாண்டிச் செல்லாது. அப்பாவுக்கு அது தேவைப்படாமலே போகட்டும்.

#12 பம்பலப்பிட்டி மகள் | மறு வியாழன், இரவு 8.45

இண்டைக்கு எடுத்தாச்சு.

நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்குப் போன் பண்ணிக் கேட்டன். பெட்டி வந்திட்டுது, வரலாம் எண்டு சொன்னவை. அப்பா இடியப்பம் சாப்பிட்டிட்டுத்தான் வெளிக்கிட்டவர். எட்டேமுக்காலுக்கு ஊசி. ஈயம் போட்ட ஒரு உறைக்குள்ள ஊசியைக் கொண்டு வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கண்ணெல்லாம் நித்திரை. எத்தனை மணிக்கு வந்தனீங்கள் எண்டு கேட்டன். ஐந்தேகாலுக்கு அக்கா எண்டார். போன கிழமை அந்தப் பிள்ளைக்கு முன்னால நான் கத்தினது ஞாபகம் வந்து, அவவைத் தேடிப்போய்ச் சொறி சொன்னன். அவ அதை எதிர்பார்க்கேல்ல.

பிறகு மூன்று மணித்தியாலம் காத்திருப்பு. ஒண்டரை லீற்றர் தண்ணி. ஏன் உடன எடுக்கேல்ல எண்டு அப்பா கேட்டார், தசையிலயும் இரத்தத்திலயும் இருக்கிற மருந்து கழுவுப்பட்டுப் போனாத்தான் எலும்பு தெரியும் எண்டு இங்க படிச்சதைச் சொன்னன். படுத்தபடி இருபது நிமிசத்துக்குக் கிட்ட, மெசின் தலையில இருந்து காலுக்கு மெல்லமா ஊர்ந்தது. நாரி நோவோட அவர் அசையாமல் கிடந்தார். கண்ணாடிக்கு அங்கால நிண்டு திரையில பார்த்தன். கறுப்புப் புள்ளி புள்ளியா அப்பாவின்ர விலா, தோள், முழங்கால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வந்துது.

நாரியில ஒரு இடம் கறுத்துத் தெரியுது. முழங்காலிலயும் தெரியுது. முழங்கால் வாதத்தாலயும் அப்பிடி வரும், பழைய முறிவாலயும் வரும், டொக்டர் பார்த்துத்தான் சொல்லுவார் எண்டு அந்தத் தம்பி சொன்னார். திங்கள் கிளினிக்.

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், நீங்கள் எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். பலாங்கொடைக் கல்லுப் பகுதியை ரெண்டாம் தரம் வாசிக்கச் சொன்னவர்.

#13 வாழைச்சேனை | மறு வெள்ளி, காலை 5.50

இந்த இழை நேற்றிரவுதான் கண்ணில் பட்டது. உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஒப்பரேஷன் முடிஞ்சு ஒரு வருசம். வாற புதன் கொழும்பில் எலும்பு ஸ்கான். செவ்வாய் இரவு பஸ்ஸில் ஏறப் போறம். என்ன செய்ய வேணும்?

#14 விடியல் ஷிப்ட் | மறு வெள்ளி, காலை 6.20

செவ்வாய் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு, பஸ் ஏற முன்னம், அட்டையில இருக்கிற நம்பருக்கு எடுத்து "நாளைக்கு மருந்து இருக்கா, ஜெனரேட்டர் வந்திட்டுதா" எண்டு கேளுங்கோ. இல்லையெண்டா ஏறவேண்டாம், அங்கேயே வேற திகதி கேளுங்கோ. பட்டினி தேவையில்லை, வழமையாப் போடுற மருந்துகளும் சாப்பாடும் எடுக்கலாம். பழைய ஸ்கான், எக்ஸ்ரே, ஒப்பரேஷன் துண்டு எல்லாம் கொண்டு வாங்கோ. உம்மா எங்கயாவது விழுந்து எலும்பு முறிஞ்சிருந்தா, எப்ப, எந்த இடம் எண்டு ஒரு கடதாசியில எழுதிக் குடுங்கோ. ஊசி போட்ட பிறகு மூன்று மணித்தியாலம் இருக்கவேணும், தண்ணிப் போத்தல் ரெண்டு கொண்டு வாங்கோ. திரும்பிற பஸ் இரவு பஸ்ஸாப் பாருங்கோ.